ஒத்திகைக் காலத்துக்கு யார் விலை கொடுப்பது?

பார்வையாளர்களுக்குப் பழகிப்போன கதைசொல்லும் முறை, மேடை அமைப்பு, நடிப்புப் பாணி ஆகியவற்றை அப்படியே ஏற்காமல், ஒவ்வொன்றையும் கேள்விக்கு உட்படுத்திப் புதிய வடிவம் தேடும் நாடகம் பரிசோதனை நாடகம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 1970-களின் இறுதியிலிருந்து இதனை நவீன நாடகம் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இத்தகைய நாடகங்களில் பெரும்பாலும் திரைச்சீலையோ வண்ணம் தீட்டிய காட்சித் தட்டிகளோ இருப்பதில்லை. ஒரு நாற்காலி, ஒரு நீளத் துணி, நாலைந்து நடிகர்களின் உடல், குரல் ஆகியவற்றைக் கொண்டே காடும் அரண்மனையும் சிறையும் பார்வையாளரின் முன் எழுந்துவிடுகின்றன. இதனால் பரிசோதனை நாடகத்துக்குப் பணம் தேவையில்லை, ஆர்வம் இருந்தால் போதும் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி, கலைக்கு நிதி ஒதுக்கும் இடங்களிலும் வேரூன்றியிருக்கிறது.

அந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை. மேடையில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நடிகர்கள் ஓரிடத்தில் கூடி, தேடி, தவறி, மீண்டும் முயலும் காலத்தைக் குறைக்க முடியாது. வழக்கமான நாடகத்தில் எழுதி முடிக்கப்பட்ட பிரதியும் எல்லோரும் அறிந்த நடிப்பு முறையும் கையில் இருப்பதால், வசனத்தை மனப்பாடம் செய்து மேடையில் நிற்க வேண்டிய இடங்களைத் தீர்மானித்துவிட்டால் சில வார ஒத்திகையில் நாடகம் தயாராகிவிடுகிறது. பரிசோதனை நாடகத்திலோ நடிப்பு முறையையே ஒத்திகையில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் பிரதியும் அங்கேதான் உருவாகிறது. எனவே, பரிசோதனை நாடகத்தின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதன் ஒத்திகைக் காலத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதாகும்.

கட்டணத்தால் ஈடுசெய்ய முடியாத செலவு

இந்தக் கேள்விக்கு ஒரு பொதுவான பொருளாதார அடிப்படை உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர்களான வில்லியம் பாமோல், வில்லியம் போவென் இருவரும் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரச் சிக்கலைப் பற்றி 1966-இல் வெளியிட்ட நூலில், பிற்காலத்தில் ‘செலவு நோய்’ என்று பெயர்பெற்ற கருத்தை விளக்கினர். தொழிற்சாலையில் புதிய இயந்திரங்கள் வரும்போது ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள்களின் எண்ணிக்கை கூடுகிறது. அதனால் அவருடைய கூலி உயர்ந்தாலும் பொருளின் விலை அதே அளவு உயர வேண்டியதில்லை. ஆனால் நால்வர் சேர்ந்து அரைமணி நேரம் வாசிக்க வேண்டிய இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வரின் அரைமணி நேரம் தேவைப்பட்டது. இன்றும் அதுவே தேவைப்படுகிறது. பிற துறைகளில் கூலியும் வாழ்க்கைச் செலவும் உயர உயர, கலைஞரின் உழைப்பின் விலையும் உயர்கிறது. அதனை ஈடுகட்டும் உற்பத்திப் பெருக்கமோ கலையில் நிகழ்வதில்லை.

பரிசோதனை நாடகத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒத்திகை நீள்கிறது, பார்வையாளர் எண்ணிக்கையோ சுருங்குகிறது. எடுத்துக்காட்டாக, பத்து நடிகர்கள் நான்கு மாதம் முழுநேரமாக உழைக்கிறார்கள் என்றும், ஒவ்வொருவருக்கும் மாதம் 15,000 ரூபாய் மட்டுமே தரப்படுகிறது என்றும் கொண்டால், ஒத்திகைக்கான ஊதியமே 6 லட்சம் ரூபாய் ஆகிறது. நூறு பேர் அமரும் சிறிய அரங்கில் 200 ரூபாய்க் கட்டணத்தில் இருக்கைகள் எல்லாம் நிரம்பினாலும் ஒரு காட்சிக்கு 20,000 ரூபாய்தான் கிடைக்கும். அரங்க வாடகை, ஒளியமைப்பு, போக்குவரத்து ஆகியவற்றை விட்டுவிட்டாலும்கூட, ஊதியத்தை மட்டும் மீட்க 30 காட்சிகள் நிரம்ப வேண்டும். ஒரு நவீன நாடகம் பத்து முறை மேடையேறுவதே அரிதாக இருக்கும் சூழலில், கட்டண வருவாயை மட்டும் நம்பி இந்தக் கணக்கை நேர்செய்ய இயலாது என்பது வெளிப்படை.

தமிழ் நாடக வரலாற்றில் வணிக நாடகம் இந்தக் காலச் சிக்கலுக்குத் தனக்கே உரிய தீர்வைக் கண்டிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாலர் கம்பெனிகள், சிறுவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்துத் தம்முடனேயே வைத்துக்கொண்டதால், பாட்டும் வசனமும் பயிலும் காலம் முழுவதும் கம்பெனியின் வசமிருந்தது. ஊர் ஊராக முகாமிட்டு நாள்தோறும் நாடகம் நடத்திக் கிடைத்த வசூல் அந்தப் பயிற்சிக் காலத்தின் செலவைத் தாங்கியது. திருவிழாக்களுக்கு ஊராரால் அழைக்கப்படும் தெருக்கூத்து ஜமாக்களிலும், இளையவர்கள் ஆட்டத்தினூடாகவே தொழிலைக் கற்பதால், பயிற்சிக்கெனத் தனிச் செலவு எழுவதில்லை. நவீன நாடகம் இவ்விரு ஏற்பாடுகளுக்கும் வெளியே பிறந்தது. அதனிடம் கம்பெனியின் வசூலும் இல்லை, ஊரின் அழைப்பும் இல்லை.

வறுமையை முழக்கமாக்கிய அரங்கும் அதன் பின்னிருந்த அரசுப் பணமும்

பொருள்களைத் துறந்த நாடகம் என்றதும் உலகெங்கும் நினைவுக்கு வருபவர் போலந்து நாட்டின் இயக்குநர் யெர்சி குரோட்டோவ்ஸ்கி. அவர் 1959-இல் ஓபோலே என்ற சிறு நகரில், பதின்மூன்று வரிசை இருக்கைகளை மட்டுமே கொண்டிருந்ததால் ‘பதின்மூன்று வரிசை அரங்கு’ எனப் பெயர்பெற்ற நாடகக் குழுவின் பொறுப்பை, விமரிசகர் லுட்விக் ஃபிளாஷனுடன் சேர்ந்து ஏற்றார். திரைப்படத்தோடும் தொலைக்காட்சியோடும் தொழில்நுட்பத்தில் போட்டியிட்டு நாடகம் ஒருபோதும் வெல்ல முடியாது என்று கண்ட அவர், ஒப்பனை, அலங்கார உடை, ஒளி விந்தை, ஒலிப்பதிவு ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே சென்று, நடிகரும் பார்வையாளரும் நேருக்கு நேர் சந்திப்பது மட்டுமே நாடகத்தின் நீக்க முடியாத சாரம் என்ற முடிவுக்கு வந்தார். இந்த அணுகுமுறையே ‘வறிய அரங்கு’ என்று பெயர்பெற்றது. அவருடைய கட்டுரைகள் 1968-இல் நூலாக வெளிவந்தபோது, அது பல நாடுகளின் இளம் நாடகக்காரர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

வதைமுகாமைக் களமாகக் கொண்டு 1962-இல் உருவான ‘அக்ரோபோலிஸ்’ நாடகத்தில் இரும்புக் குழாய்கள், கைவண்டி போன்ற சில பொருள்களே முழுக் காட்சியமைப்பாக இருந்தன. ஆயினும் அந்த அரங்கின் நடிகர்கள் பொது நிதியிலிருந்து மாத ஊதியம் பெற்று முழுநேரமாகப் பயிற்சி செய்தவர்கள் என்பது பலராலும் கவனிக்கப்படாத உண்மை. 1965-இல் அரங்கேறிய ‘உறுதிகுலையாத இளவரசன்’ நாடகத்துக்காக முதன்மை நடிகர் ரிஷார்ட் சியெஸ்லாக்கும் இயக்குநரும் பல மாதங்கள் தனியே உழைத்தனர். 1960-களின் இறுதியில் வெளிப்பட்ட ‘அபோகலிப்சிஸ்’ என்னும் படைப்பு ஏறத்தாழ மூன்று ஆண்டுத் தேடலின் விளைவு. ஒரு காட்சிக்குச் சில பத்துப் பேரையே அனுமதித்த அந்த அரங்கு கட்டண வருவாயை நம்பியிருந்தால் சில வாரங்கள்கூட நிலைத்திருக்காது. மேடையில் வறுமையைக் கடைப்பிடிப்பதற்கு ஒத்திகைக் கூடத்தில் காலச் செல்வம் தேவைப்பட்டது. அந்தச் செல்வத்தை அரசு வழங்கியது. அதற்குரிய விலையும் இருந்தது: தணிக்கையின் கண்காணிப்பில் இயங்க வேண்டியிருந்த அந்தக் குழு, ஓபோலேயில் ஆதரவு தளர்ந்தபோது, 1965-இல் விரோத்ஸ்வாஃப் நகருக்கு இடம்பெயர்ந்தது.

சொந்த உழைப்பில் கிடைத்த விடுதலை

குரோட்டோவ்ஸ்கியின் பணியை 1969-இல் நேரில் கண்டவர்களுள் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்காரும் ஒருவர். நகரமைப்புப் பொறியாளராகப் பணியாற்றிய அவர், ‘ஏவம் இந்திரஜித்’ நாடகத்தின் வழியே இந்தியா முழுவதும் அறியப்பட்டவர். கல்கத்தாவில் 1967-இல் ‘சதாப்தி’ என்ற குழுவைத் தொடங்கியவர். நகரத்தின் படச்சட்ட மேடை நாடகம், கிராமத்தின் மரபு நாடகம் ஆகிய இரண்டுக்கும் மாற்றாக அவர் முன்வைத்தது ‘மூன்றாம் அரங்கு’. மேடை வாடகை, காட்சியமைப்பு, ஒளிக் கருவிகள், விளம்பரம் ஆகியவை ஒரு நாடகக் குழுவைப் பணத்துக்கு அடிமையாக்குகின்றன என்று அவர் கருதினார். எனவே ஓர் அறையிலோ பூங்காவிலோ பார்வையாளர்கள் சுற்றியமர நடத்தக்கூடிய, எங்கும் எடுத்துச்செல்லக்கூடிய, குறைந்த செலவில் அமையும் நாடகத்தை அவர் உருவாக்கினார். கட்டணம் வசூலிக்காமல், விரும்புவோர் விரும்பியதைத் தரலாம் என்ற ஏற்பாட்டில், கல்கத்தாவின் கர்சன் பூங்காவிலும் பின்னர் கிராமங்களிலும் சதாப்தியின் நாடகங்கள் நிகழ்ந்தன.

இங்கே ஒத்திகைக் காலத்துக்கு விலை கொடுத்தவர்கள் நடிகர்களே. பகலில் அலுவலகத்திலும் பள்ளியிலும் உழைத்துவிட்டு, மாலையிலும் விடுமுறை நாளிலும் அவர்கள் நாடகத்துக்கு வந்தார்கள். இதனால் அந்தக் குழுவால் யாருக்கும் கடன்படாமல், அரசையும் அதிகாரத்தையும் நேரடியாக விமரிசிக்க முடிந்தது; அது பெரும் விடுதலை. அந்த விடுதலைக்கும் ஓர் எல்லை உண்டு. நாள் முழுவதும் உழைத்துக் களைத்த உடலிலிருந்து, ஆண்டுக்கணக்கில் பழகிய உடலுக்குரிய நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது. மேலும், மாலை நேரத்தைச் சம்பளமின்றி அளிக்கக்கூடியவர் நிலையான வேலையும் வீட்டுப்பொறுப்பிலிருந்து ஓரளவு விடுபாடும் உடையவரே. அன்றாடக் கூலியில் வாழ்பவரும், வேலைக்குச் சென்று திரும்பிச் சமையலையும் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டிய பெண்ணும் இத்தகைய குழுக்களில் நீடிப்பது கடினம். பணமில்லாத நாடகம் எல்லோருக்கும் திறந்திருப்பதுபோல் தோன்றினாலும், அதன் வாயிலில் மறைமுகமான ஒரு கட்டணம் இருக்கிறது.

பணத் தட்டுப்பாடே ஒரு வடிவத்தைப் பிறப்பித்த நிகழ்வும் உண்டு. 1973-இல் டெல்லியில் உருவான ஜன நாட்டிய மஞ்ச் தொடக்கத்தில் பெரிய நாடகங்களைத் திறந்தவெளி மேடைகளில் நடத்திவந்தது. நெருக்கடிநிலைக்குப் பின், அந்த நாடகங்களை வரவழைத்துவந்த தொழிற்சங்கங்களிடம் அதற்கான பணம் இல்லாமற்போனது. அந்த நிலையில் குழுவினர் செலவேயில்லாமல் ஆலை வாயிலில் நடத்தக்கூடிய குறுநாடகத்தை நாடினர். சஃப்தர் ஹஷ்மி முன்னின்ற அந்தக் குழு 1978-இல் உருவாக்கிய ‘மிஷின்’ என்ற வீதி நாடகம் பதின்மூன்று நிமிடமே நீண்டது. நடிகர்களின் உடல்களே இயந்திரமாக மாறி இயங்கி, வேலைநிறுத்தத்தில் நின்றுபோவதை அது காட்டியது. நாடகம் முடிந்ததும் கூட்டத்தினரிடையே துணியை ஏந்திக் காணிக்கை பெறுவது அவர்களின் வழக்கமாயிற்று. வளமின்மை சில வேளைகளில் கற்பனையைக் கூர்மையாக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. எனினும், இதனைக் காட்டி எல்லா நாடகங்களையும் வளமின்றி விட்டுவிடலாம் என்று வாதிடுவது நேர்மையாகாது.

நல்கையும் அதன் முத்திரையும்

நல்கை என்பது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக அன்றி, ஒரு நோக்கத்துக்காக அரசோ அறக்கட்டளையோ அளிக்கும் நிதியாகும். இந்தியப் பரிசோதனை நாடகத்தின் போக்கை நல்கை எவ்வாறு வடிவமைத்தது என்பதற்குச் சங்கீத நாடக அகாதெமி 1984-இல் தொடங்கிய இளம் நாடகக் கலைஞர்களுக்கான உதவித் திட்டம் முக்கியமான எடுத்துக்காட்டு. மரபு வடிவங்களோடு உறவுகொண்டு புதிய நாடக மொழியைத் தேடும் இயக்குநர்களுக்கு அத்திட்டம் நிதியளித்தது. மண்டல விழாக்களிலும் தேசிய விழாக்களிலும் மேடையளித்தது. பல மொழிகளின் இளம் இயக்குநர்கள் ஒருவரையொருவர் காணவும், மரபுக் கலைஞர்களிடம் பயிலவும் அது வழிவகுத்தது. அதே வேளையில், மரபு வடிவத்தைத் தொட்டால்தான் நிதி கிடைக்கும் என்ற நிலை உருவானதால், கூத்தின் அடவும் பறையின் ஒலியும் பொருள் நோக்கமின்றிச் சேர்க்கப்பட்ட நாடகங்களும் பெருகின என்ற விமரிசனம் அக்காலத்திலேயே எழுந்தது. நிதியளிப்பவர் ஒரு வசனத்தைக்கூட மாற்றச் சொல்லாவிட்டாலும், விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் கேள்வியே நாடகத்தின் வடிவத்தைத் திருப்பிவிட வல்லது.

1977-இல் சென்னையில் நாடகாசிரியர் ந. முத்துசாமி நண்பர்களுடன் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வரலாறு நல்கையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்திலிருந்து ஊக்கம் பெற்ற அந்தக் குழுவால், ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை கிடைத்தபின் நடிகர்களுக்கு மாத ஊதியம் அளித்து முழுநேரக் குழுவாக இயங்க முடிந்தது. காலையிலிருந்து மாலை வரை உடற்பயிற்சி, குரற்பயிற்சி, கூத்து, சிலம்பம் என்று பழகும் நடிகர் கூட்டம் ஒன்று நவீனத் தமிழ் நாடகத்துக்கு வாய்த்தது அவ்வாறுதான். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோரின் நடிப்பில் தமிழ்த் திரைப்பட ரசிகர்கள் இன்று காணும் கட்டுப்பாடும் செறிவும் அந்தப் பயிற்சிக் காலத்தின் பயன்களே. நாடகத்துக்காக விலை கொடுக்கப்பட்ட காலத்தின் பலனைத் திரைத்துறை பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்துக்கான செலவில் பங்கேற்கும் ஏற்பாடு எதுவும் திரைத்துறையில் உருவாகவில்லை. மேலும், அறக்கட்டளை நல்கைகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கானவை. அவை முடியும்போது, ஊதியத்தை நம்பி வாழ்ந்த நடிகர் திரைப்படத்தையோ வேறு வேலையையோ தேடிச் செல்வது இயல்பு.

மரபு வடிவங்களை நோக்கிய சாய்வை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலும் காணலாம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் தேசிய மரபுச் செல்வம், கலை, பண்பாடு ஆகியவற்றின் பாதுகாப்பும் மரபுக் கலைகளின் வளர்ச்சியும் இடம்பெறுகின்றன. பாதுகாப்பு என்ற சொல் ஏற்கெனவே இருப்பதைக் குறிக்கிறது. இன்னும் உருவாகாத ஒன்றைத் தேடும் நாடகம் அந்தச் சொல்லின் நிழலில் ஒதுங்குவது எளிதன்று. 1993-இல் பெங்களூரில் அமைக்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற சில அமைப்புகளே, தேடலுக்கும் ஆய்வுக்கும் நிதியளிப்பதைத் தம் நோக்கமாகக் கொண்டுள்ளன.

இடம் என்னும் செல்வம்

காலத்துக்கு அடுத்தபடியாகப் பரிசோதனை நாடகத்துக்கு இன்றியமையாதது இடம். ஜூலியன் பெக், ஜூடித் மலினா இருவரும் 1947-இல் நியூயார்க்கில் தொடங்கிய லிவிங் தியேட்டர், அமெரிக்காவின் புகழ்பெற்ற சோதனைக் குழுவாக விளங்கியபோதே, வரிப் பாக்கியைக் காரணம்காட்டி 1963-இல் அதன் அரங்கை அரசு பூட்டியது. அதன்பின் அக்குழு ஐரோப்பாவில் அலைந்து திரிய நேர்ந்தது. அதே நகரில் 1961-இல் ஒரு கட்டடத்தின் நிலவறையில் லா மாமா அரங்கைத் தொடங்கிய எலன் ஸ்டூவர்ட், உடை வடிவமைப்பாளராக ஈட்டிய சொந்த வருவாயைக் கொண்டே அதனைக் காத்தார்; புதிய நாடகாசிரியர்களுக்கு அவர் அளித்த மிகப்பெரிய கொடை, தோல்வியடைந்தாலும் மீண்டும் முயல ஓர் இடம் உண்டு என்ற உறுதி. வீணாபாணி சாவ்லா மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழு, 1990-களில் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, தங்கிப் பயிலும் வசதியோடு கூடிய சொந்த வளாகத்தை அமைத்துக்கொண்டதால்தான், ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்க முடிந்தது.

காலம், இடம், பார்வையாளர் ஆகிய மூன்றையும் ஒருங்கே இணைத்த முன்மாதிரி கர்நாடகத்தில் இருக்கிறது. சிவமொக்கா மாவட்டத்தின் ஹெக்கோடு என்ற சிற்றூரில் 1949-இல் தோன்றிய நீனாசம் அமைப்பை, பாக்கு விவசாயியும் எழுத்தாளருமான கே.வி. சுப்பண்ணா வளர்த்தெடுத்தார், 1980-இல் அது நாடகப் பள்ளியைத் தொடங்கியது, 1985-இல் ‘திருகாட்ட’ என்ற சுற்றுப்பயணக் குழுவை அமைத்தது. அக்குழுவின் நடிகர்கள் ஊதியத்தோடு சில மாதங்கள் ஒத்திகை செய்து, பின்னர் தயாரித்த நாடகங்களுடன் கர்நாடகத்தின் ஊர்களைச் சுற்றிவருகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் அமைப்புகள் ஏற்பாட்டுப் பொறுப்பையும் செலவையும் ஏற்கின்றன. கன்னட நாடகங்களோடு உலக நாடகங்களும் சிற்றூர்ப் பார்வையாளர்களைச் சென்றடைகின்றன. இதன் வலிமை ஒரே நிதியூற்றைச் சார்ந்திராமையில் இருக்கிறது: அரசு நல்கை தாமதமானாலும் ஊர்களின் அழைப்பு இருக்கிறது, ஊர்களின் வருவாய் குறைந்தாலும் பள்ளியும் நிலமும் இருக்கின்றன.

இந்த அனுபவங்களை ஒருசேர நோக்கும்போது, எந்தப் பணமும் முற்றிலும் தூயதன்று என்பதும், பணமின்மையும் தூயதன்று என்பதும் தெளிவாகின்றன. அரசு நிதி கண்காணிப்போடு வருகிறது. அறக்கட்டளை நிதி கால வரம்போடு வருகிறது. கட்டண வருவாய் பழகிய சுவையை நோக்கி இழுக்கிறது. நடிகரின் சொந்த உழைப்பு வசதியுள்ளவருக்கே நாடகத்தை உரியதாக்குகிறது. ஆகவே, ஒரு குழு தன் நிதியைப் பல ஊற்றுகளிலிருந்து பெறுவதே அதன் கருத்துச் சுதந்திரத்துக்கு உறுதியான காப்பு.

தமிழ்நாட்டில் இதற்கான முதற்படிகள் எட்டாத தொலைவில் இல்லை. விழா நாளன்று அரங்கேறும் காட்சிக்கு மட்டும் அளிக்கப்படும் நிதியில் ஒரு பங்கு, ஒத்திகை மாதங்களுக்கான ஊதியம் என்று வெளிப்படையாகப் பெயரிட்டு ஒதுக்கப்பட வேண்டும். மாலையிலும் விடுமுறையிலும் பூட்டிக்கிடக்கும் பள்ளி, கல்லூரி, உள்ளாட்சிக் கூடங்கள் குறைந்த வாடகையில் நாடகக் குழுக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். மேடையில் பயின்ற நடிகர்களால் பயன்பெறும் திரைத்துறை, அந்தப் பயிற்சிக்கு நிலையான நிதியம் ஒன்றை அமைக்கலாம். இவற்றோடு, நவீன நாடகத்தை இலவசமாகப் பார்த்துப் பழகிய நகர்ப்புறப் பார்வையாளர், தாம் காணும் ஒரு மணி நேரத்தின் பின்னால் பல மாத உழைப்பு இருப்பதை உணர்ந்து நுழைவுச்சீட்டு வாங்க முன்வர வேண்டும். புதிய நாடகம் வேண்டும் என்று விரும்பும் சமூகம், அது உருவாகும் காலத்துக்கான செலவையும் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளும்போதுதான், எளிய குடும்பத்துப் பிள்ளையும் நாடகத்தை வாழ்நாள் தொழிலாகத் தேர்ந்தெடுக்க முடியும்.